கல்லுப்பில் நடந்தால் பனி கேட்கும்

இசை கேள்வி பதில்

போன இதழில் சில வரிகள்தான் எழுதியிருந்தேன்: மழைக்காலம் வந்துவிட்டது, பாடகி பியோர்க்கின் 'வெஸ்பர்டைன்' ஆல்பத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தாளமெல்லாம் 'மைக்ரோபீட்', வயலின் கூட்டமும் கம்ப்யூட்டர் இசையும் நாட்டுப்புறமும் கலந்தது என்று. அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் கேட்டுவிட்டுச் சந்தேகம் கேட்டிருக்கிறீர்கள், பாதிப் பேர் கேட்டுவிட்டுச் சண்டைக்கு வந்திருக்கிறீர்கள். இரண்டுமே எனக்குச் சந்தோஷம்தான். இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

அக்கா, நீங்கள் சொன்னீர்களே என்று வேலைக்குப் போகும்போது பஸ்ஸில் கேட்டேன். முதல் பாட்டு போனது, இரண்டாவது போனது. ஏதோ கிசுகிசுப்பு, ஏதோ கரகரப்பு. பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று காத்திருந்தே தாம்பரம் வந்துவிட்டது. எனக்குத்தான் புரியவில்லையா?
– வாசகர், சென்னை

பஸ்தான் காரணம் தம்பி. இந்த ஆல்பத்தின் இரண்டாவது பாட்டை, 'கொகூன்' என்று பெயர், இன்றைக்கு ராத்திரி வீட்டில் எல்லோரும் படுத்தபிறகு ஒரு முறை போட்டுப் பாருங்கள். அந்தக் குரல் மைக்குக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்றால், ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் மூச்சு உள்ளே போவதும், உதடு பிரிவதும் கேட்கும். பக்கத்துத் தலையணையில் இருந்து ஒருவர் பேசுகிற தூரம். அதன் மேல் டீசல் இன்ஜினையும் ஹாரனையும் வைத்தால் என்ன மிஞ்சும்?

இது வீட்டுக்குள் இருந்தே பிறந்த ஆல்பம். பியோர்க் ஐஸ்லாந்துக்காரர், ரெய்க்யாவிக்கில் 1965-ல் பிறந்தவர். 1997-ல் அவர் போட்ட 'ஹோமோஜெனிக்' புயல் மாதிரி இருக்கும், எரிமலை வெடிக்கிற மாதிரி தாளம், அதன் மேல் வயலின் கூட்டம். அதற்குப் பிறகு 'டான்சர் இன் தி டார்க்' படத்தில் நடித்தார், அதற்கு இசையும் அவரே. 2000-ல் கான் விழாவில் சிறந்த நடிகை விருது வந்தது, ஆனால் அந்தப் படப்பிடிப்பு அவரைப் பிழிந்து எடுத்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் கையில் ஒரு லேப்டாப்பை வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்கிற மாதிரி ஒன்றைச் செய்ய ஆரம்பித்தார். முதலில் வைத்திருந்த பெயரே 'டொமெஸ்டிகா', வீடு சார்ந்தது என்கிற அர்த்தத்தில். பிறகு 'வெஸ்பர்டைன்' ஆனது. அந்தியில் மலர்கிற பூவுக்கும், அந்தியில் வெளியே வருகிற உயிர்களுக்கும் சொல்லும் வார்த்தை அது. நம் வீட்டு வாசலில் சாயங்காலம் விரிகிற அந்திமந்தாரை இருக்கிறதே, அதுதான் வெஸ்பர்டைன்.

அதனால் பாத்திரம் கழுவி முடிந்து, டிவி அணைந்து, தெரு அடங்கியபிறகு கேளுங்கள். ஃபேனை ஒன்றில் வையுங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, ஃபேன் முழு வேகத்தில் ஓடினால் மூன்றாவது பாட்டில் வருகிற ஹார்ப் என்கிற நரம்பு வாத்தியத்தில் பாதி காணாமல் போய்விடும்.

'மைக்ரோபீட்' என்று எழுதியிருந்தீர்கள். அது ஏதாவது சாஃப்ட்வேரா? நான் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு, வீட்டில் சின்னதாக ட்ராக் செய்து பார்க்கிறேன்.
– வாசகர், கோயம்புத்தூர்

சாஃப்ட்வேர் இல்லை, அது ஒரு வேலை முறை. டிரம்ஸ் இருக்க வேண்டிய இடத்தில், காதில் விழாத அளவுக்குச் சின்னதான ஒரு சத்தத்தைப் பக்கத்தில் போய்ப் பிடித்து, வெட்டி, பெரிதாக்கி வைப்பது. எறும்பை பூதக்கண்ணாடியில் பார்ப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள், காலில் இருக்கிற முடி கூடத் தெரியும்.

இந்த ஆல்பத்தில் பியோர்க்கோடு வேலை செய்தவர்களில் 'மேட்மோஸ்' என்கிற இருவர் குழு முக்கியம். எம்.சி. ஷ்மிட், ட்ரூ டேனியல். அதே 2001-ல் அவர்கள் அறுவை சிகிச்சை நடக்கும்போது வரும் சத்தங்களை வைத்தே ஒரு ஆல்பம் போட்டவர்கள், அவர்களுக்கு எந்தச் சத்தமும் அற்பம் கிடையாது. 'வெஸ்பர்டைன்' பாட்டுகளுக்கு அடியில் சீட்டுக்கட்டைக் கலைக்கிற சத்தம் இருக்கிறது, ஐஸ் விரிசல் விடுகிற சத்தம் இருக்கிறது. நீங்களே செய்து பாருங்கள். ஒரு சீட்டுக்கட்டை எடுத்து, இரண்டாகப் பிரித்து, கட்டைவிரலால் விட்டுக் கலையுங்கள். போனை ஒரு விரற்கடை தூரத்தில் வைத்துப் பதிவு செய்யுங்கள். அந்த 'ட்ர்ர்ர்' என்பதில் முதல் இரண்டு சீட்டு விழுகிற இடத்தை மட்டும் வெட்டி எடுத்தால், டிரம்ஸில் இருக்கிற ஹை-ஹாட் தட்டு மாதிரியான ஒரு துணுக்கு கிடைக்கும். கடைசியில் முழுக்கட்டும் மேஜையில் தட்டப்படுகிற இடத்தை இரண்டு ஸ்தாயி கீழே இறக்கினால் கிட்டத்தட்ட ஒரு கிக் டிரம். அப்பளத்தை உடையுங்கள், தீப்பெட்டியைக் குலுக்குங்கள், பிளாஸ்டிக் கவரைக் கசக்குங்கள். ஒரு சாயங்காலத்தில் உங்களுக்கென்று ஒரு டிரம் கிட் சேர்ந்துவிடும், அது வேறு யாரிடமும் இருக்காது. செய்து முடித்தால் எனக்கு அனுப்புங்கள், கட்டாயம் கேட்பேன்.

ஏழாவது பாட்டு 'அரோரா'வை மேடையில் பாடும் வீடியோ பார்த்தேன். ஒருவர் ஏதோ பெட்டிக்குள் நின்றுகொண்டு நடக்கிறார். அந்தச் சத்தம் எங்கள் ஊர் உப்பளத்தில் நடந்தால் வரும் சத்தம் மாதிரியே இருக்கிறது. என் அப்பா கேட்டுவிட்டு 'உப்பும்மா இது' என்றார். பனி என்றல்லவா பாட்டு?
– வாசகி, தூத்துக்குடி

உங்கள் அப்பாவின் காதுக்கு ஒரு கும்பிடு. உப்பேதான்!

இந்த ஆல்பத்தை ஒட்டிய கச்சேரிப் பயணத்தில் இந்தப் பாட்டு வரும்போது, மேட்மோஸில் ஒருவர் கல்லுப்பு கொட்டிய பெட்டியில் ஏறி நின்று, தாளத்துக்கு நடப்பார், கீழே மைக் இருக்கும். கேட்கிறவர்களுக்கு அது உறைபனியில் யாரோ நடந்து போகிற சத்தம். காரணம் எளிது. நல்ல குளிரில் விழுந்த பனியை மிதித்தால் ஐஸ் படிகங்கள் ஒன்றோடு ஒன்று உரசி நொறுங்குகின்றன, கல்லுப்பும் படிகம், அதுவும் அப்படியேதான் நொறுங்குகிறது. படங்களுக்கு ஒலி சேர்க்கிறவர்கள் மக்காச்சோள மாவைப் பையில் கட்டி அமுக்கிப் பனி நடையை உண்டாக்குவது வழக்கம், அதுவும் இதே வித்தைதான்.

பனியே பார்க்காத நாம் இந்தப் பாட்டைப் புரிந்துகொள்ள முடியுமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். உங்கள் கடிதத்தை அவர்களுக்குக் காட்டுகிறேன். உப்பளத்தில் காலையில் வாருகோலோடு இறங்குகிற ஒருவருக்கு இந்தப் பாட்டின் முதல் பத்து விநாடி என்னைவிட நன்றாகப் புரியும்.

சகோதரிக்கு வணக்கம். வயலின் கூட்டம், கம்ப்யூட்டர் இசை, நாட்டுப்புறம் மூன்றையும் கலந்தது என்று இதை ஏதோ புதுமை போல எழுதுகிறீர்கள். எங்கள் ராஜா இதையெல்லாம் 80களிலேயே செய்து முடித்துவிட்டார். அது உங்களுக்குத் தெரியாதா?
– வாசகர், மதுரை

தெரியும் ஐயா, நானும் அந்தப் பாட்டுகளில்தான் வளர்ந்தேன். வயலின் வரிசையும் சிந்தசைசரும் தபேலாவும் ஒரே பல்லவிக்குள் சேர்ந்து உட்காருவது சென்னை ஸ்டுடியோக்களில் அப்போதே அன்றாட வேலை. 1986-ல் வந்த ராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்தைக் கேட்ட ஒருவருக்கு, இரண்டு உலகங்களைச் சேர்த்து வைப்பது புதிய செய்தியே இல்லை. ஆகவே கலந்ததற்காக நான் இந்த ஆல்பத்தைக் கொண்டாடவில்லை.

நான் சொல்ல வந்தது அளவைப் பற்றி. சினிமாப் பாட்டு பெரிய திரைக்கும் கொட்டகைக்கும் எழுதப்படுவது. ஆர்கெஸ்ட்ரா அங்கே வானத்தைத் திறக்க வரும், வந்தால் நமக்கு மயிர்க்கூச்செறியும், அதில் ராஜாவுக்கு நிகர் ராஜாதான். 'வெஸ்பர்டைன்'-இல் ஒரு முழு ஆர்கெஸ்ட்ரா இருக்கிறது, கொயர், அதாவது சேர்ந்து பாடும் குழு, இருக்கிறது, வின்ஸ் மெண்டோசா ஆர்கெஸ்ட்ரேஷன் செய்திருக்கிறார், ஆனால் அத்தனை பேரும் ஒரு போர்வைக்குள் இருக்கிற மாதிரி வாசிக்கிறார்கள். முதல் பாட்டு 'ஹிட்டன் ப்ளேஸ்' கேளுங்கள். கொயர் எழும்பும்போது சத்தம் பெரிதாகாது, சூடு ஏறும். அவ்வளவு பேரை உட்காரவைத்து, அவர்களைக் காதோரத்தில் முணுமுணுக்கவைக்க ஒரு துணிச்சல் வேண்டும். அதைத்தான் சொன்னேன்.

நீங்கள் பாட்டைக் கேட்டபிறகு எழுதினீர்களா, கேட்காமல் எழுதினீர்களா என்று கடிதத்தில் தெரியவில்லை. கேட்டுவிட்டு இன்னொரு கடிதம் போடுங்கள் ஐயா, திட்டியே எழுதினாலும் பிரசுரிக்கிறேன்.

என் நான்கு வயது மகளுக்கு ஆறாவது பாட்டு மட்டும் தினமும் வேண்டும். 'பொம்மைப் பாட்டு' என்கிறாள். அது என்ன வாத்தியம்? அதில் பேச்சே இல்லையே.
– வாசகி, திருச்சி

மகள் சரியாகப் பெயர் வைத்திருக்கிறாள். 'ஃப்ராஸ்டி' என்கிற அந்தத் துண்டு மியூசிக் பாக்ஸ். சாவி கொடுத்துத் திறந்தால் குட்டிப் பொம்மை சுற்றிக்கொண்டு பாட்டு வருமே, அந்தப் பெட்டிதான். உள்ளே ஒரு உருளை, அதில் குண்டூசி முனை போலப் புள்ளிப் புள்ளியாக முள். பக்கத்தில் சீப்பு மாதிரி ஒரு எஃகுத் தகடு. உருளை சுழலும்போது ஒவ்வொரு முள்ளும் சீப்பின் ஒரு பல்லை நிமிண்டிவிட்டுப் போகும். நீளப் பல்லுக்குக் கனத்த சுரம், குட்டைப் பல்லுக்கு மெல்லிய சுரம். உள்ளே இருக்கிற சுருள்வில்லின் முறுக்கு தளரத் தளரப் பாட்டும் தளர்ந்து போய், கடைசி சுரத்துக்கு முன்னால் நின்று நம்மைத் தவிக்கவிடும்.

பியோர்க் இந்த ஆல்பத்துக்காகவே மியூசிக் பாக்ஸ் செய்கிறவர்களிடம் தன் மெட்டுகளைக் கொடுத்துச் செய்து வாங்கினார். அவர்கள் வழக்கமாக மரப்பெட்டியில்தான் வைப்பார்கள், மரம் சத்தத்தை மெத்தென்று ஆக்கும். இவர் மரம் வேண்டாம், ஒளி ஊடுருவுகிற பிளெக்ஸிகிளாஸ் பிளாஸ்டிக்கில் செய்யுங்கள் என்று கேட்டார். சத்தம் கெட்டியாக, உறைந்த மாதிரி வர வேண்டும் என்பதற்காக. ஐந்தாவது பாட்டு 'பேகன் பொயட்ரி'யில் ஹார்ப்போடு அதே பெட்டி வருகிறது. ஹார்ப் வாசித்தவர் ஸீனா பார்க்கின்ஸ். நம் யாழுக்குச் சொந்தக்கார வாத்தியம் அது, கேட்டால் உடனே ஒட்டிக்கொள்ளும். அந்தப் பாட்டின் முடிவுப் பக்கம் எல்லா வாத்தியமும் ஒதுங்கிவிடும். குரல் மட்டும் துணியில்லாமல் நிற்கிற மாதிரி நின்று, அவனைக் காதலிக்கிறேன் என்று திரும்பத் திரும்பச் சொல்லும். எத்தனையோ முறை கேட்டுவிட்டேன், இன்னும் அந்த இடத்தில் கைவேலையை நிறுத்திவிடுகிறேன்.

மகளுக்கு, கையால் சுற்றுகிற மியூசிக் பாக்ஸ் ஒன்று வாங்கிக் கொடுங்கள். காகிதப் பட்டையில் ஓட்டை போட்டு நாமே மெட்டு எழுதுகிற வகையும் கிடைக்கிறது. இன்னும் இரண்டு வருடத்தில் அவளே எழுத ஆரம்பித்துவிடுவாள்.

இதைக் கேட்க எவ்வளவு விலையில் ஹெட்போன் வாங்க வேண்டும்?
– வாசகர், சேலம்

இருக்கிறதே போதும். பாட்டை இணையத்தில் இறக்கி லேப்டாப்பில் கேட்கிற பழக்கம் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது, பியோர்க் அதை மனத்தில் வைத்தே வாத்தியம் தேர்ந்தெடுத்தார். ஹார்ப், செலஸ்டா, கிளாவிகார்டு என்கிற பழைய கீபோர்டு வாத்தியங்கள், மியூசிக் பாக்ஸ் எல்லாம் சின்ன ஸ்பீக்கரிலும் உயிரோடு இருக்கக்கூடிய வாத்தியங்கள், ஏனென்றால் சின்ன ஸ்பீக்கர் விழுங்கிவிடுகிற ஆழமான கீழ்ச்சத்தம் அவற்றுக்கு அவ்வளவு தேவையில்லை. சாதாரண இயர்போன், குறைந்த ஒலி. பணம் மிச்சம்.

எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது மேடம். வரிகள் தெரியாமல் கேட்டால் பாதி ஆல்பம்தானே?
– வாசகி, தேனி

பாதிக்கு மேல் கிடைக்கும், பயப்படாதீர்கள். அவர் ஆங்கிலத்தையே ஐஸ்லாந்து நாக்கால்தான் பாடுகிறார், ர உருள்கிறது, சில வார்த்தையை நடுவில் உடைத்துவிடுகிறார், ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கே முதல் முறை பிடிபடாது. வரிகள் இல்லாத முனகல்களும் நிறைய.

ஆனால் ஒரு பாட்டின் விஷயத்தை மட்டும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பத்தாவது பாட்டு, 'ஏர்லூம்'. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிற பொருள் என்று அர்த்தம். அதில் ஒரு பெண் தனக்கு அடிக்கடி வரும் கனவைச் சொல்கிறாள். குரல் போய்விடும்போதெல்லாம், அம்மாவும் மகனும் தனக்காகச் சுட்டுக் கொடுத்த சின்னச் சின்ன ஒளிகளை அவள் விழுங்குகிறாள். தூங்கும்போது அவர்கள் இருவரும் அவள் திறந்த தொண்டையில் இளஞ்சூடாக, ஒளிர்கிற எண்ணெயை ஊற்றுகிறார்கள். தொண்டை கட்டினால் பாட்டி எதையாவது காய்ச்சிச் சூடு ஆற்றிக் கொடுத்த வீட்டில் வளர்ந்தவர்கள் யாருக்கும் இந்தக் கனவு அந்நியமாக இருக்காது. எனக்குத் தொண்டை கட்டிய ஒரு மாதம், இதைத் தினமும் கேட்டேன்.

ஒன்பதாவது பாட்டு 'சன் இன் மை மவுத்', அமெரிக்கக் கவிஞர் ஈ.ஈ. கம்மிங்ஸின் கவிதையை எடுத்து மெட்டமைத்தது. அதற்கு மட்டும் யாரையாவது வைத்து வரி வரியாக அர்த்தம் கேட்டுக்கொள்ளுங்கள், அது வரிகளுக்கான பாட்டு.

கடைசிப் பாட்டில் என் ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது போல. அடியில் ஏதோ சிக்கிச் சிக்கி ஓடுகிறது. மறுபடி டவுன்லோடு செய்தும் அப்படியே வருகிறது.
– வாசகர், ஈரோடு

கெட்டுப்போகவில்லை. 'யூனிசன்' பாட்டின் அடியில் 'ஓவல்' என்கிற ஜெர்மன் இசைக்குழுவின் ஒரு துணுக்கு, வெட்டி எடுத்த சாம்பிளாக இருக்கிறது. கீறல் விழுந்த சிடி சிக்கி ஓடும் சத்தத்தையே இசையாக்கியதற்குப் பெயர் வாங்கியது ஓவல்.

இதே சந்தேகம் எனக்கும் வந்தது, நான் அலைந்தும் இருக்கிறேன். அப்போது எங்கள் ஊரில் இந்த ஆல்பம் கிடைக்காது, ஒரு கடையில் சொல்லிவைத்து மூன்று வாரம் கழித்து ஒரு சிடி வாங்கினேன். கடைசிப் பாட்டு சிக்கியது. கொண்டுபோய்க் கொடுத்தேன், கடைக்காரர் துடைத்துப் பார்த்துவிட்டு, மாற்றித் தர மாட்டேன் என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டார். அழாத குறையாக வீட்டுக்கு வந்தேன். பல மாதம் அந்தப் பாட்டை மட்டும் போடாமலே தவிர்த்தேன். பிறகு ஒரு நாள் தோழி வீட்டில் வேறு சிடியில் அதே பாட்டு, அதே இடத்தில், அதே மாதிரி சிக்கியது. அன்றைக்குத்தான் அதை முழுதாகக் கேட்டேன். அந்தச் சிக்கலுக்கு மேலே வயலின்களும் கொயரும் வந்து மெல்ல அதை மூடி, அதையே ஒரு தாலாட்டு ஆக்கிவிடுகிற விதம் இருக்கிறதே. ஃபைலை அழித்துவிடாதீர்கள்.

உண்மையைச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் ஆல்பம் தூங்கிவிடுகிறதா இல்லையா?
– வாசகி, பாண்டிச்சேரி

கொஞ்சம் தூங்குகிறது. பன்னிரண்டு பாட்டில் முதல் ஏழும் எனக்கு ஒரே மூச்சு. எட்டாவதில் இருந்து வேகம் இறங்குகிறது, பதினோராவது பாட்டை இன்று வரை என்னால் முழுமனதோடு நேசிக்க முடியவில்லை, அழகாக இருக்கிறது, ஆனால் எங்கேயும் போகாமல் நிற்கிறது. ஆனாலும் தாண்டிப் போக மாட்டேன், அதைத் தாண்டினால் 'யூனிசன்' வரும்போது விடிகிற மாதிரி இருக்காது.

மேடையில் இவ்வளவு மெல்லிய இசையை எப்படிக் கொண்டுவந்தார்கள்? சாதாரண ராக் கச்சேரி மாதிரியா?
– வாசகர், கும்பகோணம்

இல்லை. ஆல்பம் 2001 ஆகஸ்டில் வந்தது, அதை ஒட்டிய பயணத்துக்கு ஸ்டேடியங்களை விட்டுவிட்டு ஓபரா அரங்குகளையும் பழைய தியேட்டர்களையும்தான் தேடிப் பிடித்தார். கூட ஒரு ஆர்கெஸ்ட்ரா, ஸீனா பார்க்கின்ஸின் ஹார்ப், மேட்மோஸ் இருவர், அப்புறம் கிரீன்லாந்தில் இருந்து இனுயிட் என்கிற பூர்வகுடிப் பெண்களின் கொயர். அந்த டிசம்பரில் லண்டன் ராயல் ஓபரா ஹவுஸில் நடந்த கச்சேரி டிவிடியாக வந்திருக்கிறது. கல்லுப்புப் பெட்டியை அதில் பார்க்கலாம். கொயர் பெண்களின் முகங்களையும் பாருங்கள், பாடாத நேரத்தில் அவர்கள் ரசிகர்களாகிவிடுகிறார்கள்.

இது பிடித்துவிட்டது அக்கா, ரொம்பவே. அடுத்து என்ன கேட்கட்டும்?
– வாசகி, நாகர்கோவில்

உங்கள் கடிதத்தைக் கடைசிக்கென்று எடுத்துவைத்தேன்.

அதே ஐஸ்லாந்தில் இருந்து 'மூம்' என்கிற குழு, அவர்களுடைய 'ஃபைனலி வீ ஆர் நோ ஒன்', 2002. ஊதி வாசிக்கிற சின்ன கீபோர்டான மெலோடிகா, அக்கார்டியன், இவற்றோடு லேப்டாப்பில் இருந்து வரும் சின்ன டிக் டிக்குகள், குழந்தை பேசுகிற மாதிரி ஒரு குரல். இதற்குத் தங்கை மாதிரி இருக்கும். ஹார்ப்பில் மனம் போனதென்றால் அமெரிக்கப் பாடகி ஜோனா நியூசமின் 'யீஸ்', 2006. ஐந்தே பாட்டு, ஒவ்வொன்றும் கதைப்பாடல் நீளம், கூடவே இசையமைப்பாளர் வான் டைக் பார்க்ஸ் அமைத்த ஆர்கெஸ்ட்ரா. நாட்டுப்புறக் கதை கேட்கிற பொறுமை இருந்தால் மட்டும் போங்கள், இருந்தால் வெளியே வர மனம் வராது.

இரைச்சலுக்கும் தயார் என்றால் அமெரிக்கப் பாடகர் சுஃப்யான் ஸ்டீவன்ஸின் 'தி ஏஜ் ஆஃப் ஆட்ஸ்', 2010. கிதாரை வைத்து மெல்லப் பாடுகிற ஒரு பாட்டில் ஆரம்பிக்கும், இரண்டாவது பாட்டிலேயே கம்ப்யூட்டர் உடைந்து கொட்டும், மூன்றாவதில் ஊதுகருவிகள் எல்லாம் சேர்ந்து மேலே விழும். கடைசிப் பாட்டு இருபத்தைந்து நிமிடத்துக்கும் மேல். அந்தச் சமயத்தில் அவர் உடம்பு நரம்பைப் பாதித்த ஒரு நோயில் இருந்து மீண்டுகொண்டிருந்தது, அந்தப் பதற்றம் தாளத்தில் கேட்கும். நான் அதை முதல் முறை பாதியில் நிறுத்தினேன், மூன்றாவது முறைதான் முடித்தேன்.

வரிசை என்று கேட்டால்: இந்த வாரம் மூம், மழை பலமாக இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜோனா நியூசம், சுஃப்யானைத் தைப் பொங்கல் லீவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முடித்ததும் எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று எழுதிப் போடுங்கள், நான் காத்திருக்கிறேன்.